போமட் அடிப்பதற்கு முன்னால்

யாழ்ப்பாணத்தில் பழைய போன் எளிதில் குப்பைக்குப் போவதில்லை. பரிசிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற ஒருவர் புதியது வாங்கினால், பழையது கோடை விடுமுறைக்கு வருகிறவரின் பெட்டிக்குள் ஊருக்கு வந்துவிடும். இங்கே அது அண்ணனிடமிருந்து தங்கைக்கும் தங்கையிடமிருந்து அம்மாவுக்கும் கைமாறும். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, புதிய போன் வாங்கும் யோசனையை எத்தனையோ வீடுகள் தள்ளிவைத்தன. அதே வீடுகள் சிலவற்றில் மேசைமேல் ஜேர்மன் மொழிப் புத்தகம் கிடக்கிறது. ஜேர்மனியில் வாழும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விண்ணப்பிக்கிறவர், சில விதிவிலக்குகள் போக, அடிப்படை ஜேர்மன் தெரியும் என்பதை வீசாவுக்கு முன்பே காட்டவேண்டும் என்ற சட்டம் 2007 ஆகஸ்டில் வந்தது. 'ஸ்பொன்சர்' என்று ஊரில் சொல்லப்படும் அந்த நீண்ட காத்திருப்பில் ஏ1 எனப்படும் அந்த அடிப்படை நிலைச் சோதனைக்குப் படிப்பது ஒரு பெரிய பகுதி. படிக்கிறவரின் கையில் இருப்பதோ எட்டுப் பத்து வருடப் பழைய போன். அதில் ஒரு பெரிய ஜேர்மன் அகராதியை ஏற்ற முனையும்போது தலையிடி தொடங்குகிறது.

தலையிடி பல விதமாக வரும். அகராதியைத் திறந்தால் வட்டம் சுற்றிச் சுற்றிப் பிறகு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். அல்லது திறக்கும், சொற்பட்டியலும் தெரியும், சொல்லைத் தொட்டால் வெறும் வெள்ளைத் திரை. அல்லது எல்லாம் வேலை செய்யும், குறிப்பிட்ட சில சொற்கள் மட்டும் இல்லை என்று வரும். மூன்றுக்கும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: அகராதி பெரிசு, போன் பழசு. மருந்தும் ஒன்றுதான்: போமட் அடிச்சால், அதாவது போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோனால், சரிவரும். விளக்கம் பெரும்பாலும் பிழை. மருந்து பல வேளைகளில் நோயைவிடக் கெடுதல். இவை மூன்றும் வேறு வேறு இடத்தில் நடக்கும் பழுதுகள். ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைத் திரையிலேயே காட்டிவிடுகிறது. அந்த அடையாளத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தால், பெரும்பாலான பழுதுகளைக் காசு செலவில்லாமல் தீர்க்கலாம்.

முதலில் அந்தப் 'பெரிசு' என்ற சொல்லை நிறுத்துப் பார்ப்போம். உடுவிலில் மிஷனரியாக இருந்த மைரன் வின்ஸ்லோ 1862 இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியில் 67,452 தலைச்சொற்கள். ஏறத்தாழ ஆயிரம் பக்கம். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய புத்தகம். ஒரு பக்கத்துக்கு 5,000 குறி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 50 இலட்சம் குறிதான். ஆங்கில எழுத்தொன்று கணினியில் ஒரு பைற் இடம் பிடிக்கும். தமிழ்க் குறி ஒன்று, இன்று வழக்கத்தில் உள்ள யுரிஎஃப்-8 முறையில், மூன்று பைற். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லை எடுத்தால் நமக்கு ஆறு எழுத்து. கணினி மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்குப் 11 குறி, 33 பைற். 'ஜஃப்னா' என்று ஆங்கிலத்தில் எழுதினாலும் ஆறு எழுத்து. ஆனால் ஆறே பைற். தமிழுக்கு விழும் இந்த மும்மடங்குச் சுமையையும் சேர்த்து, புத்தகம் முழுவதும் தமிழே என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் வின்ஸ்லோவின் உழைப்பு 15 மெகாபைற்றைத் தாண்டாது. வட்ஸ்அப்பில் வருகிற ஒரு கலியாண வீட்டு வீடியோ அதைவிடப் பெரிது. அந்த வீடியோவை அதே பழைய போன் தடங்கலின்றி ஓட்டிக் காட்டுகிறது.

பிறகு ஏன் சில அகராதிகள் ஐந்நூறு மெகாபைற், ஒரு கிகாபைற் என்று வருகின்றன? உச்சரிப்பு ஒலியும் படங்களும் சேர்த்துக் கட்டப்படுவதால். ஒலிப் பொதியை விட்டுவிட்டு எழுத்துப் பகுதியை மட்டும் இறக்க வழியிருந்தால் அரைவாசிப் பிரச்சினை அங்கேயே முடியும். இன்னொரு காரணம், பலர் அகராதி என்று இறக்கி வைத்திருப்பது அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்த பிடிஎஃப். 'நூலகம்' என்ற தளத்தைப் போன்ற எண்ணிம நூலகங்களில் அரிய நூல்களை அப்படிப் படமாகக் காத்து வைத்திருப்பது பெரும் பணி. ஆனால் போனுக்கு அந்தப் பக்கம் ஒரு புகைப்படம் மட்டுமே. அதில் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதில் தேடல் வேலை செய்யவில்லை என்று போனைத் திட்டுவதில் பொருளில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம அகராதித் திட்டத்தில் வின்ஸ்லோவும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் எழுத்தாகவே தட்டச்சிடப்பட்டுள்ளன. அங்கே தேடல் நடக்கிறதென்றால் காரணம் அந்த வேறுபாடுதான்.

அளவு குற்றவாளி இல்லையென்றால் யார்? இதற்குப் பதில் சொல்ல, அகராதி என்ற சொல்லுக்குள்ளேயே கொஞ்சம் நிற்கவேண்டும். அகரத்தை ஆதியாகக் கொண்டு அடுக்கியது அகராதி. அதற்கு முன் தமிழில் இருந்தவை நிகண்டுகள். செய்யுளில் கட்டப்பட்டவை, மனப்பாடம் செய்தவருக்குப் பயன்படுபவை. நிகண்டு தெரிந்தவர் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல, முழு நிகண்டையும் தலைக்குள் வைத்திருக்கவேண்டும். 1732 இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அந்தச் சுமையை அகர வரிசைக்கு மாற்றியது. 1842 இல் அமெரிக்க மிஷன் வெளியிட்ட, சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துப்பிள்ளையும் தொகுத்த யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள், 58,500 சொற்களை அந்த வரிசையில் நிறுத்தியது. வரிசை இருந்தால் ஒருவரும் புத்தகத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நடுவில் திறக்கலாம், தேடும் சொல் முன்னால் என்றால் முன்பாதியின் நடு, பின்னால் என்றால் பின்பாதியின் நடு. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் வின்ஸ்லோவின் 67,452 சொல்லில் எந்தச் சொல்லையும் அதிகம் போனால் 17 பார்வையில் பிடித்துவிடலாம். 1936 இல் நிறைவுற்று 1939 இல் பிற்சேர்க்கையும் பெற்ற சென்னைப் பேரகராதியில் 1,17,762 சொல், கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதற்கும் அதே 17 பார்வை போதும். அகராதி இரண்டு மடங்கானால் தேடல் இரண்டு மடங்கு மெதுவாகும் என்ற ஊகம் இந்த ஒரு கணக்கோடு விழுந்துவிடுகிறது.

போனில் உள்ள நல்ல அகராதிகள் இதே முறையில்தான் இயங்குகின்றன. பரவலாகப் புழங்கும் ஸ்டார்டிக்ட் வடிவத்தை எடுத்துக்கொண்டால், ஓர் அகராதி என்பது ஒரே பெயருள்ள மூன்று கோப்பு. ஐ.எஃப்.ஓ என்று முடிவது விபரச் சீட்டு; ஐ.டி.எக்ஸ் என்று முடிவது சொல்லடைவு. டிக்ட் என்று முடிவது விளக்கங்கள். சொல்லடைவில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு எண் இருக்கும்: விளக்கம் டிக்ட் கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம். டிக்ட் கோப்பு வழமையாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் ஏறத்தாழ 58 கிலோபைற் துண்டுகளாகக் கட்டுகிறார்கள். தேவையான துண்டை மட்டும் அவிழ்த்தால் போதும். ஆகவே சொற்பட்டியல் தெரிந்து, தொட்டால் வெள்ளைத் திரை வருகிறதென்றால், சொல்லடைவு நலமாக இருக்கிறது, டிக்ட் கோப்பு வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்திருக்கிறது, அல்லது யாரோ அதன் பெயரை மாற்றியிருக்கிறார்கள். மூன்றையும் ஒரே உறையில் ஒரே பெயரில் மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும். விபரச் சீட்டு வெறும் எழுத்துக் கோப்புத்தான். குறிப்பு எழுதும் எந்தச் செயலியிலும் திறக்கும். சொற்களின் தொகையும் சொல்லடைவுக் கோப்பின் அளவும் பைற் கணக்கில் அதில் எழுதியிருக்கும். போனில் உள்ள கோப்பின் அளவு அந்த எண்ணுக்கு ஒரு பைற் குறைந்தாலும் கோப்பு வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை அநேகமாக யாரும் செய்வதில்லை.

திறந்தவுடன் மூடிக்கொள்வது வேறு சங்கதி. அங்கே மென்பொருள் நிகண்டு படித்தவரைப் போல நடந்துகொள்கிறது: சொல்லடைவு முழுவதையும் தற்காலிக நினைவகத்துக்குள் ஏற்றப் பார்க்கிறது. போனில் 16 கிகாபைற் இடம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் சேமிப்பையும் நினைவகத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். சேமிப்பு அலுமாரி, நினைவகம் மேசை. அன்ட்ரொய்ட் ஒவ்வொரு செயலிக்கும் மேசையில் இத்தனை அங்குலம் என்று அளந்து கொடுக்கிறது. முதல் அன்ட்ரொய்ட் போனில் அது 16 மெகாபைற். பிறகு வந்த போன்களில் அது கூடினாலும் மலிவு போன்களில் குறைவாகவே இருந்தது. மூன்று இலட்சம் பதிவுள்ள ஒரு ஜேர்மன் அகராதியின் சொல்லடைவு கோப்பில் ஆறேழு மெகாபைற்றாக இருக்கலாம். நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனிப் பொருளாக விரிக்கப்படும்போது அது நாலைந்து மடங்காகிவிடும். அளந்து கொடுத்த இடம் நிறைந்ததும் செயலியை முறைமை மூடிவிடுகிறது. இங்கே போமட் எதையும் மாற்றாது, ஏனென்றால் மேசையின் அளவு அப்படியேதான் இருக்கும். செய்யவேண்டியது, ஒரே நேரத்தில் ஐந்து அகராதிகளை இயக்காமல் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அணைப்பது. விளக்கங்களுக்குள்ளும் தேடும் முழுத் தேடலை நிறுத்துவது. முடிந்தால் சொல்லடைவைக் கோப்பிலிருந்தே படிக்கும் பழைய பதிப்புச் செயலியைப் பயன்படுத்துவது. சில செயலிகள் முதல் தடவை திறக்கும்போது தமக்கென ஒரு சொல்லடைவைப் புதிதாகக் கட்டும். பெரிய அகராதிக்கு அது அரைமணி நேரமும் எடுக்கலாம். அந்த வேளையில் தேய்ந்த பற்றரி போனை அணைத்துவிட்டால் அரைகுறைச் சொல்லடைவு தங்கிவிடும். அடுத்த தடவை செயலி அதை நம்பித் திறந்து விழும். 2022 மார்ச் இறுதியில் போல நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இப்போது இல்லை. ஆகவே சார்ஜரில் போட்டு, திரையை அணையவிடாமல், அரைகுறைச் சொல்லடைவை அழித்துவிட்டு மறுபடி கட்டவிடலாம்.

இனி, சில சொற்கள் மட்டும் கிடைக்காத பழுது. இதுதான் மிகவும் சுவையானது, மிகவும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவதும் இதுவே. பாதி பாதியாக வெட்டும் தேடலுக்கு ஒரே நிபந்தனை: அடுக்கியவரும் தேடுகிறவரும் ஒரே வரிசையை நம்பவேண்டும். 'பனை'யை எடுத்துக்கொள்வோம். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் மெய்வரிசையின் கடைசி. ஆகவே மானிப்பாய் அகராதியின் மரபில் 'பயிர்' முன்னால் வரும், 'பனை' வெகு பின்னால். யுனிகோட் தமிழுக்கு எண் கொடுத்தபோது இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த ஓர் அட்டவணையைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தபடியாக, யகரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. எண்படி பார்த்தால் 'பனை' முன்னால், 'பயிர்' பின்னால். இப்போது தமிழறிந்த ஒருவர் முறைப்படி அடுக்கித் தந்த சொல்லடைவில், எண்ணை மட்டும் அறிந்த ஒரு மென்பொருள் 'பனை'யைத் தேடுகிறது. ஏதோ ஒரு வெட்டில் 'பயிர்' எதிர்ப்படுகிறது. பனை இதற்கு முன்னால் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து பின்பாதி முழுவதையும் கைவிட்டு முன்னால் ஓடுகிறது. பனை பின்பாதியில் நிற்கிறது. இல்லை என்று பதில் வருகிறது. பனை நிறைந்த குடாநாட்டில் இருக்கிறவருக்குப் பனை இல்லை என்று சொல்லும் அகராதி!

இந்தப் பழுதின் அடையாளம் தெளிவானது. தட்டச்சுச் செய்து தேடினால் இல்லை. பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனால் சொல் அதன் இடத்தில் இருக்கும். ஜேர்மனிலும் இதே கதை. ஆப்பிளின் பன்மையான 'எப்ஃபெல்' தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏ எழுத்தில் தொடங்குவது. ஜேர்மன்காரர் அதைச் சாதாரண ஏ எழுத்தோடு சேர்த்தே அகராதியில் வைப்பார்கள். யுனிகோட் எண்ணிலோ அது இசட்டுக்கும் அப்பால். அடுக்கியவர் ஒரு வழி, தேடுகிறது மறு வழி என்றால் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் கூட்டமாகக் காணாமல் போகும். நினைவகத்தை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது, ஏனென்றால் புதிய போனிலும் அதே கோப்பு அதே பிழையைச் செய்யும். கணினி ஒன்றில் பைகுளோசரி போன்ற கட்டற்ற கருவியைக் கொண்டு அகராதியை மறுபடி அடுக்கி ஏற்றினால் சரிவரும். பழைய போன் இந்தக் குற்றத்தில் வெறும் சாட்சி.

எழுத்து சம்பந்தமான இன்னொரு வலையும் உண்டு. ஜேர்மனில் ஓ எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி இருந்தால் 'ஷேன்', அழகு. புள்ளி விழுந்தால் 'ஷோன்', ஏற்கெனவே. கோப்பைத் தவறான குறிமுறையில் திறந்தாலோ, புள்ளி இல்லாத விசைப்பலகையில் தட்டினாலோ, அகராதி பொய்யான ஆனால் சரியாகத் தோன்றும் விடையைக் கொடுக்கும். விடையே இல்லாத பழுதைவிட இது மோசம். படிக்கிறவர் தன்னைத்தான் சந்தேகிப்பார். தமிழிலும் 'கொடி'யின் கொகரத்தை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய மென்பொருளுக்கு இரண்டும் வேறு. 'கௌரி'யில் உள்ள ஔகாரக் குறியின் பின்பாதியை ளகரமாகத் தட்டிவிடுகிற வழக்கமும் அப்படித்தான். இங்குள்ள அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் நெடுங்காலம் ஆண்ட பாமினி எழுத்துருவில் ஒருவர் பாடுபட்டுச் சொற்பட்டியல் தயாரித்திருந்தால், கதை இன்னும் வேடிக்கை. பாமினியில் 'அம்மா' என்பது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறி. எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. முகமூடி இல்லாத போனில் அந்த ஐந்தும் அப்படியே வெளியே நிற்கும். 'போன் தமிழைக் காட்டுதில்லை' என்ற முறைப்பாட்டில் ஒரு பங்கு இது. யுனிகோட்டுக்கு மாற்றினால் அடுத்த நிமிடமே தமிழ் வரும். மறு பங்கு உண்மையான முதுமை: அன்ட்ரொய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துருவே இல்லை, பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அந்த ஒரு நிலையில் போன் பழசு என்பவர் சொல்வது சரி.

மெமரி காட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட காட்டுகள் எக்ஸ்ஃபாற் என்ற அமைப்போடு வருகின்றன, பழைய போன் பலவற்றுக்கு அது புரியாது. 2013 இல் வந்த அன்ட்ரொய்ட் 4.4 வெளிக் காட்டில் செயலிகள் கண்டபடி எழுதுவதைத் தடுத்தது, ஆகவே அகராதியைச் செயலிக்கென்று ஒதுக்கிய உறைக்குள்ளேயே போடவேண்டும். கவனிக்கவேண்டியது போலிக் காட்டு. உள்ளே எட்டு கிகாபைற்தான் இருக்கும், மேலே 64 என்று அச்சிட்டிருக்கும். எழுதும்போது மறுக்காது. உண்மையான இடம் முடிந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில். சில அகராதிகள் ஒழுங்காகத் திறக்கும், கடைசியாக ஏற்றியவை மட்டும் கோணல்மாணலாக வரும். காட்டிலிருந்து கோப்பைத் திரும்ப ஒரு கணினிக்குப் பிரதி எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

பலருக்கு அகராதி போனுக்கு வந்து சேர்வதே இல்லை. தளத்தைத் திறந்தால் 'இணைப்புப் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை. இதற்கு இரண்டு காரணம், இரண்டும் நாட்காட்டி சம்பந்தப்பட்டவை. பற்றரி கழற்றி மாதக்கணக்காக இலாச்சியில் கிடந்த போன், எழும்பியதும் தன்னைப் பழைய வருடமொன்றில் இருப்பதாக நினைக்கிறது. தளத்தின் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்று. திகதியைத் திருத்தினால் கதவு திறக்கும். திகதி சரியாக இருந்தும் திறக்காவிட்டால் மற்றக் காரணம். உலகின் பெருந்தொகையான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு சாய்ந்திருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 இல் காலாவதியானது. அதன் புதிய மூலச் சான்றிதழை அன்ட்ரொய்ட் 7.1.1 க்கு முந்திய போன்கள் அறியா. இடைக்காலப் பாலம் ஒன்று போட்டிருந்தார்கள். 2024 செப்டெம்பர் 30 உடன் அதுவும் முடிந்தது. போன் உடையவில்லை, யாரும் வைரஸ் ஏற்றவில்லை. அது நம்பிய ஒரு கையெழுத்து காலாவதியாகிவிட்டது. தனக்கெனச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கும் பயர்பொக்ஸ் உலாவி அந்தப் போனில் நிறுவ முடிந்தால் நிறுவலாம். இல்லையென்றால் இன்னொரு போனில் இறக்கிக் காட்டு மூலமோ கேபிள் மூலமோ மாற்றிக்கொள்ளலாம்.

இந்த நாட்காட்டிதான் போமட் ஆலோசனையை ஆபத்தானதாக்குகிறது. அன்ட்ரொய்ட் 2.3.7 மற்றும் அதற்கு முந்திய போன்களில் கூகுள் கணக்குக்குள் நுழைவதை கூகுள் 2021 செப்டெம்பர் 27 உடன் நிறுத்தியது. அதே ஆண்டில் 4.1 முதல் 4.3 வரையான பதிப்புகளுக்கும், 2023 இல் 4.4 க்கும் தன் அடிப்படைச் சேவைகளைப் புதுப்பிப்பதைக் கைவிட்டது. இதன் விளைவைப் பாருங்கள். போமட் அடிப்பதற்கு முன் அந்தப் போனில் ஒரு பழைய அகராதிச் செயலி, நொண்டியாக என்றாலும், இருந்தது. அடித்த பிறகு போன் பெட்டியிலிருந்து வந்த நாளுக்குத் திரும்புகிறது. கூகுளின் செயலிக் கடைக்குள் நுழைய முடியாது, நுழைந்தாலும் அந்தச் செயலியின் இன்றைய பதிப்பு அந்தப் போனுக்குப் பொருந்தாது. அரைகுறைச் சொல்லடைவு என்ற ஒரு கோப்பை அழித்தால் தீர்ந்திருக்கக்கூடிய பழுதுக்கு, திரும்பப் பெறமுடியாத செயலியைப் பலி கொடுத்ததாகிறது. ஆகவே எதையும் அழிக்குமுன் செய்யவேண்டியது, வேலை செய்கிற செயலியின் நிறுவற்கோப்பையும் அகராதிக் கோப்புகளையும் ஒரு கணினியிலோ வேறொரு காட்டிலோ பிரதி எடுத்து வைப்பது.

இவ்வளவு மினக்கெடுவானேன், இணையத்தில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கடிதத்தின் சாரத்தை அறிய அது போதும். ஆனால் மொழி படிக்கிறவருக்கு வேண்டியது வேறு. ஜேர்மனில் 'ஸே' என்ற ஒரே சொல், 'டேர்' சேர்ந்தால் ஏரி, 'டீ' சேர்ந்தால் கடல். அகராதி இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும்; பால், பன்மை, வினையின் இறந்தகால வடிவம் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றைத் தேர்ந்து கொடுத்துவிட்டு மற்றதை மறைத்துவிடும்; ரீலோட் முடிந்தால் அதுவும் இல்லை. கோதே நிறுவனத்தின் ஏ1 சொற்பட்டியலே ஏறத்தாழ 650 சொல்தான், அதற்கு மூன்று இலட்சம் எதற்கு என்றும் கேட்கலாம். சோதனைக்கு மட்டும் என்றால் தேவையில்லை. ஒரு கொப்பியில் எழுதிப் படிப்பது இன்னும் நல்லது. போய் இறங்கியதும் வரும் வைத்தியசாலைப் படிவத்தில் உள்ள சொற்கள் அந்த 650 க்குள் அடங்கா. அதோடு, ஜேர்மன்–தமிழ் நேரடி அகராதிகள் சிறியவை. பலர் ஜேர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து தமிழுக்கும் இரண்டு அகராதி தாண்டுகிறார்கள். முதல் தாண்டலுக்கு ஜேர்மனியின் கெம்னிற்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்படும் கட்டற்ற சொற்பட்டியல் போன்ற பெரியது தேவைப்படுகிறது. (1779 இல் சென்னையில் தமிழ்–ஆங்கில அகராதி அச்சிட்ட ஃபப்ரீசியஸ் ஒரு ஜேர்மன்காரர். அவரும் ஆங்கிலம் வழியாகத்தான் போனார்.)

பழைய போன் பாதுகாப்பற்றது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம், அதை மறுக்க முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன போனில் வங்கிச் செயலி வைத்திருப்பது கூடாது. ஆனால் இந்த ஆட்சேபம் அகராதிக்கு எதிராக அல்ல, சார்பாகவே பேசுகிறது. சிம் கழற்றி, விமான நிலையில் போட்ட ஒரு போனுக்கு அகராதியைவிடப் பொருத்தமான வேலை என்ன? அகராதிக் கோப்பு வெறும் சொற்கள். அது தானாக எதையும் இயக்காது. ஆபத்து இருப்பது செயலியில். முகவரி தெரியாத தளத்திலிருந்து இறக்கிய நிறுவற்கோப்பும், தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்கும் அகராதிச் செயலியும் சந்தேகத்துக்குரியவை. சொல்லுக்குப் பொருள் சொல்ல அதற்கு உங்கள் மாமியாரின் நம்பர் எதற்கு? இத்தனை நேரம் மினக்கெடுவதன் பெறுமதி புதிய போனின் விலையைவிடக் கூடும் என்ற வாதமும் உண்டு. நேரத்தைக் காசாக மாற்றக்கூடிய வேலையில் இருப்பவருக்கு அது சரி. வீசாவுக்காகக் காத்திருக்கிற ஒருவரிடம் நேரம் இருக்கிறது, காசுதான் இல்லை. பழுதின் அடையாளத்தைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரிடம் திருத்துகிறவரும் 'போமட் அடிப்பம்' என்று எடுத்தவுடன் சொல்லமாட்டார்.

எல்லாக் கோப்பும் நலம், வரிசை சரி, எழுத்துச் சரி, திகதி சரி. இருந்தும் ஒரு சொல் கிடைக்காமல் போகலாம். பாடப் புத்தகத்தில் 'கிங்' என்று ஒரு வினை வருகிறது, தேடினால் இல்லை. அது 'கேயன்', போதல், என்ற வினையின் இறந்தகாலம். காலையில் எழும்புவதைச் சொல்லும் வினையோ வாக்கியத்தில் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு நடுவிலும் மறுதுண்டு கடைசியிலும் நிற்கும். அகராதியில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக வேறிடத்தில் இருக்கும். சில அகராதிகள் இத்தகைய திரிந்த வடிவங்களுக்கென்று நாலாவது கோப்பு ஒன்றைச் சேர்த்துத் தருகின்றன, பல தருவதில்லை. 'வந்தான்' என்பதை மானிப்பாய் அகராதியில் வகரத்தில் தேடி, 'வந்தான்' இல்லையே என்று யாரும் புத்தகத்தைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்ததில்லை. 'வா' என்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். 'கேயன்' என்று தட்டினால் அந்தப் பழைய போனில் விளக்கம் உடனே வருகிறது.